ஒற்றையடிப் பாதையில் அவர் சொன்னது

என் கணவருக்கு நெஞ்சில் ஸ்டென்ட் வைத்து வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டர் முக்கியமாகச் சொன்னது ஒன்றுதான். தினமும் முக்கால் மணி நேரம் நடக்க வேண்டும். இவர் நல்ல பிள்ளை மாதிரி தலையாட்டினார். வெளியே வந்து ஆட்டோவில் ஏறிய பிறகு என்னைப் பார்த்துக் கேட்டார்.

"எங்கமே நடக்கறது?"

அது கிண்டல் இல்லை. நாங்கள் இருப்பது திருவொற்றியூரில், எக்ஸ்பிரஸ் ரோட்டை ஒட்டிய இரண்டாவது தெரு. தெருமுனை தாண்டினால் துறைமுகத்துக்குள் போகக் காத்திருக்கும் ட்ரெய்லர் வண்டிகளின் வரிசை. நடைபாதை என்று இருந்த இடத்தில் டயர் பஞ்சர் கடையும் சிமென்ட் தூளும். ரோட்டைத் தாண்டினால் கடல், ஆனால் மணல் இல்லை, அலை அரிக்காமலிருக்கக் கொட்டிய பாறாங்கற்கள்தான். இருபத்தாறு வருடம் அப்படி ஒரு ட்ரெய்லரை ஓட்டிக்கொண்டுதான் அவர் உட்கார்ந்திருந்தார். நானோ தண்டையார்பேட்டையில் ஒரு மருந்துக்கடையில் காலையிலிருந்து நின்றுகொண்டே இருப்பவள். ஒருவர் உட்கார்ந்தே, ஒருவர் நின்றே பிழைத்த குடும்பம். இரண்டு பேருமே நடந்ததில்லை.

கொஞ்ச நாள் மொட்டைமாடியில் சுற்றிச் சுற்றி வந்தார். தண்ணீர்த் தொட்டி, துணிக்கொடி, மறுபடி தண்ணீர்த் தொட்டி. ஒருநாள் பாதியில் இறங்கி வந்து, "கிறுகிறுன்னு கீது. செக்குமாடு மாதிரி இன்னா பொழப்பு இது?" என்று படுத்துவிட்டார்.

அந்தச் சமயத்தில்தான் அவருடைய பழைய தோஸ்து போன் பண்ணினார். இருவரும் ஒரே கம்பெனியில் பன்னிரண்டு வருடம் வண்டி ஓட்டியவர்கள். தோஸ்துக்கு ஊர் ஜவ்வாது மலை. அப்பா போன பிறகு நிலத்தைப் பார்க்க ஆளில்லை என்று வேலையை விட்டுவிட்டு மலைக்கே போய்விட்டார்.

"மாமு, இங்க வந்துடு. இங்க நடக்கறதத் தவுர வேற வேலையே கெடையாது. தங்கச்சியும் வரட்டும்."

பொங்கல் முடிந்து நான் பத்து நாள் லீவு கேட்டேன். முதலாளி முணுமுணுத்துக்கொண்டே கொடுத்தார்.

போளூரிலிருந்து மலைப் பேருந்து ஜமுனாமரத்தூர் வரை போகும். அங்கிருந்து ஜீப். ரோடு ஒரு மேட்டில் ஏறி அப்படியே முடிந்துவிட்டது. ஜீப்காரர் எஞ்சினை அணைத்தார். என் காதில் ஏதோ அடைத்துக்கொண்டது என்று நினைத்து விரலை விட்டுக் குடைந்தேன். அடைப்பு ஒன்றுமில்லை. சத்தம் இல்லை, அவ்வளவுதான். நான் பிறந்ததிலிருந்து லாரி ஹாரனோ ரயிலோ கப்பல் சங்கோ இல்லாத ஒரு நிமிடத்தைக் கேட்டதில்லை.

மேட்டுக்குக் கீழே பள்ளத்தாக்கு கிடந்தது. நான்கு பக்கமும் மலை. கிழக்கே மட்டும் ஒரு சின்ன இடைவெளி, அதன் வழியாக ஓடை வெளியேறிப் போகிறது என்று தோஸ்து கை காட்டினார். அகலம் குறைவு, நீளம் அதிகம். சரிவுகளில் படிப்படியாகச் சாமை அறுத்த வயல்கள், வெறும் தாளாகப் பழுப்பு நிறத்தில். நடுநடுவே எண்ணெய்க்கு விதைக்கும் பேயெள்ளு பூத்த துண்டு நிலங்கள், கண் கூசும் மஞ்சளில். வீடுகள் இருபதுகூட இருக்காது. ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு பலாமரம். எங்கோ ஒரு கூரையிலிருந்து புகை எழுந்து, காற்று இல்லாததால் நேராக மேலே போய்க்கொண்டிருந்தது.

"வண்டி போவாதா?" என்று கேட்டேன்.

"போவாது தங்கச்சி. எறங்கிதான் போவணும்" என்று எங்கள் பையைத் தலையில் வைத்துக்கொண்டார் தோஸ்து. "மூச்சு வாங்குச்சின்னா நில்லு மாமு. நின்னா ஒன்னும் தப்பில்ல, பின்னாடி யாரும் ஹாரன் அடிக்க மாட்டான்."

பாதை ஒரு அடி அகலம். செம்மண், நடுவில் வேர்கள், மழைநீர் அரித்த கற்கள். இருபுறமும் உண்ணிச்செடி, அதைத் தாண்டி மூங்கில். இரண்டு பேர் பக்கத்தில் பக்கத்தில் நடக்கவே முடியாது. நான் முன்னால், அவர் பின்னால் என்று முடிவு செய்தேன். அவரை முன்னால் விட்டால் ரோஷத்தில் வேகம் பிடிப்பார் என்று எனக்குத் தெரியும்.

டாக்டர் எனக்கு ஒரு கணக்குச் சொல்லிக் கொடுத்திருந்தார். நடக்கும்போது அவரால் சாதாரணமாகப் பேச முடிந்தால் வேகம் சரி. வார்த்தைக்கு நடுவில் மூச்சு வாங்கினால் நிறுத்திவிட வேண்டும். அதனால் நான் அவரைப் பேச வைத்துக்கொண்டே நடந்தேன். பின்னால் அவர் குரல் எப்படி வருகிறது என்பதுதான் எனக்கு அளவு. நாக்குக்கடியில் வைக்கும் மாத்திரை என் இடுப்புப் பையில்.

முதல் நாள் ஓடைவரை மட்டும். இரண்டாம் நாள் ஓடையைக் கல் மேல் கால் வைத்துத் தாண்டி அந்தப் பக்கத்துப் பெரிய மாமரம். மூன்றாம் நாள் மாமரத்திலிருந்து சரிவேறி, பழைய காலத்துக் கற்பலகைகளை நிறுத்தி மேலே மூடி போட்ட குட்டிக் கல்வீடுகள் இருக்கும் பாறைவரை. தோஸ்துவின் மனைவி காலையில் சாமைக்கஞ்சியும் வறுத்த கொள்ளுத் துவையலும் கொடுப்பார். "மெதுவா போயிட்டு வாங்கக்கா, வெயிலு ஏறாது" என்பார். உண்மையிலேயே ஏறாது. ஒன்பது மணிவரை பள்ளத்தாக்கின் அடியில் பனி படுத்திருக்கும். மேற்குச் சரிவில் வெயில் பட்டு மெல்ல இறங்கி வரும், நாம் நடக்க நடக்க அது நம்மை நோக்கி வருவது தெரியும். காலில் பட்டதும் சுடாது, இதமாக இருக்கும்.

அங்கே நடப்பதில் என்ன சுகம் என்று பிறகு பலர் கேட்டார்கள். என்னால் சரியாகச் சொல்ல முடிந்ததில்லை. எங்கள் ஊரில் நடக்கும்போது உடம்பு முழுக்க உஷாராக இருக்கும். தோள் சுருங்கும், காது பின்பக்கம் போகும், கண் சக்கரத்தைப் பார்க்கும். இங்கே என் தோள் இறங்கிவிட்டது எனக்கே மூன்றாம் நாள்தான் தெரிந்தது. மூச்சை இழுத்தால் முழுசாக உள்ளே போனது. எங்கள் பக்கத்துக் காற்றை நாங்கள் பாதிதான் இழுப்போம் போலிருக்கிறது, பழக்கத்தில்.

முதல் சில நாட்கள் அவர் வண்டிக் கதையாகச் சொன்னார். எந்த கேட்டில் எத்தனை மணி நேரம் நின்றது, எந்தக் கன்டெய்னரில் என்ன வந்தது, யார் யார் எப்படி ஏமாற்றினார்கள். பிறகு பார்த்த சினிமா. பிறகு வழியில் கண்ணில் படுவது. "அதோ பார், கீரி." "இந்த மரத்துல இன்னா இவ்ளோ முள்ளு?" ஐந்தாம் நாள் சாயந்திரம் சொல்வதற்கு ஒன்றும் இல்லாமல் போய்விட்டது. "நீ பேசு" என்றார். நான் பேசினால் அவர் மூச்சு எனக்கு எப்படித் தெரியும்?

ஆறாம் நாள் ஓடை ஓரமாகவே கிழக்கு இடைவெளிவரை போகலாம் என்று கிளம்பினோம். தோஸ்துக்கு வயலில் வேலை, நாங்கள் இரண்டு பேர் மட்டும். அது பெரும்பாலும் சமமான பாதை. ஓடை ஒருபக்கம், தண்ணீர் கணுக்கால் அளவு, அடியில் கூழாங்கல் ஒவ்வொன்றும் தெரியும். மறுபக்கம் நெல்லி மரங்கள். பாதி தூரம் அவர் பேசவே இல்லை. செருப்புச் சத்தம் மட்டும் வந்துகொண்டிருந்தது.

"இன்னாயா, மூச்சு வாங்குதா?" என்றேன் திரும்பாமல்.

"இல்ல."

"அப்ப எதுனா பேசு."

இன்னும் இரண்டு நெல்லி மரம் தாண்டியதும் சொன்னார். "அந்த ஆளு அப்ப சாவல மே."

எந்த ஆள் என்று நான் கேட்கவில்லை. எங்கள் வீட்டில் 'அந்த ஆள்' ஒருவர்தான். பதினோரு வருடத்துக்கு முன்னால், மழை பெய்த ஒரு விடியற்காலையில், எக்ஸ்பிரஸ் ரோட்டிலிருந்து இடதுபக்கம் திரும்பும்போது, சைக்கிளில் வேலைக்குப் போன ஒருவர் இவர் வண்டியின் பின்சக்கரத்தில் மாட்டிக்கொண்டார். கூட்டம் அடிக்கும் என்று பயந்து இவர் ஓடிவிட்டார், ஒரு மணி நேரத்தில் வண்டி முதலாளியின் ஆளோடு போய்ப் போலீஸில் நின்றார். கேஸ் நடந்தது. கண்ணாடியில் தெரியாத பக்கம், மழை, இவர் மேல் குற்றமில்லை என்று முடிந்தது. இதெல்லாம் எனக்குத் தெரியும். ஜாமீனுக்கு ஓடினவளே நான்தான். அந்த ஆள் அங்கேயே போய்விட்டார் என்றுதான் இவர் என்னிடமும் சொல்லியிருந்தார்.

"எறங்கிப் பாத்தேன்" என்றார் பின்னாலிருந்து. "கண்ணு முழிச்சிகினு இருந்தாரு. எங் கையப் புட்ச்சிகினாரு. போவாதபான்னாரு. ரெண்டு தபா சொன்னாரு. நான் கைய இஸ்துகினு ஓடிட்டேன். திரும்பிப் பாக்கல."

நான் நடந்துகொண்டேதான் இருந்தேன். அவரும் நடந்துகொண்டேதான் சொன்னார்.

"இத்தினி வருசம் ஏன் சொல்லல?"

"உன் மூஞ்சியப் பாத்துகினு எப்டிமே சொல்றது?"

எனக்கு வந்தது இரக்கம் இல்லை, கோபம். என் நடை வேகமானது. அவர் குரல் பின்தங்கியது, செருப்புச் சத்தமும் பின்தங்கியது, நான் நிற்கவில்லை. நெல்லி மரங்கள் முடிந்து பாறைகள் தொடங்கின. ஓடை சத்தம் போட ஆரம்பித்தது. இரண்டு மலையும் கிட்டே வந்து, நடுவில் ஒரு வாசல் அளவு இடம் விட்டிருந்தன. அந்த வாசலில் ஓடை பாறையிலிருந்து பாறைக்கு விழுந்து கீழே போனது. அதற்கப்பால் வெகு ஆழத்தில் சமவெளி, வெயிலில் மங்கலாக, வயலும் ஏரியுமாகத் தெரிந்தது. நான் ஒரு பாறையில் உட்கார்ந்து அதையே பார்த்தேன். கண்ணில் எதுவும் ஏறவில்லை. ஜாமீனுக்காக அலைந்த அந்த வாரத்தில் நான் எத்தனை பேரிடம் "அவர் மேல தப்பில்லைங்க" என்று சொன்னேன் என்பதே மனதில் ஓடியது. கோர்ட்டில் இரண்டு பெண் பிள்ளைகளோடு ஒரு மூலையில் உட்கார்ந்திருந்த அந்த ஆளின் மனைவியையும் நினைத்தேன். அன்றைக்கு நான் அவர் முகத்தைப் பார்க்காமல் இருக்க முயன்றேன்.

எவ்வளவு நேரம் என்று தெரியாது. திடீரென்று மாத்திரை என் இடுப்பில் இருப்பது உறைத்தது. எழுந்து வந்த வழியே கிட்டத்தட்ட ஓடினேன். கூழாங்கல்லில் கால் பிசகிற்று. அவர் ஒரு நெல்லி மரத்தடியில், கால்களை ஓடையில் விட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். முகம் வெளுத்திருந்தது. கையைப் பிடித்து நாடி பார்த்தேன். வேகமாக இருந்தது, ஆனால் தாளம் தப்பவில்லை.

"வலிக்குதா?"

"இல்ல. நீ போய்ட்டேன்னு நெனச்சேன்."

நான் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். தண்ணீர் ஐஸ் மாதிரி இருந்தது. ஒரு மீன்கொத்தி வந்து எதிர்க்கல்லில் உட்கார்ந்து, எங்களைப் பார்த்துவிட்டுப் போனது.

"அந்தம்மா இப்ப எங்க கீதுன்னு தெர்யுமா?" என்று கேட்டேன்.

"நெட்டுக்குப்பம். எண்ணூர் பஸ் ஸ்டாண்டாண்ட மீன் விக்கறாங்க. நான் அந்தப் பக்கம் வண்டிய எடுக்கறதில்ல."

"போய் சொல்லிடு. நானும் வரேன்."

அவர் ஓடையைப் பார்த்தபடியே தலையாட்டினார். அந்த நேரத்தில் அது சரியான யோசனை என்று எனக்குத் துளிகூடச் சந்தேகம் இல்லை. அங்கே, அந்தக் காற்றில், சுமையை இறக்கி வைத்தால் எல்லோருக்கும் நல்லது என்றுதான் பட்டது.

மீதி மூன்று நாளும் நடந்தோம். அவர் முகம் தெளிந்திருந்தது. கடைசி நாள் மேட்டுக்கு ஏறும்போது இரண்டே இடத்தில்தான் நின்றார். தோஸ்து என்னிடம் தனியாக, "மாமு நல்லா ஆயிட்டான் தங்கச்சி" என்றார்.

ஊருக்கு வந்த மறுவாரம், ஒரு செவ்வாய்க்கிழமை பிற்பகல் போனோம். அந்த அம்மா மீன் பெரும்பாலும் விற்றுத் தீர்ந்து, பலகையைக் கழுவிக்கொண்டிருந்தார். தலைமுடி பாதி நரைத்திருந்தது. எங்களைப் பார்த்ததும், "காரப்பொடி மீனு மட்டும்தான் கீது" என்றார். பிறகு இவர் முகத்தை உற்றுப் பார்த்தார். கையிலிருந்த சொம்பைக் கீழே வைத்தார்.

இவர் சொன்னார். ஓடையோரம் என்னிடம் சொன்ன அதே வார்த்தைகளில், கூட்டாமல் குறைக்காமல். முடித்ததும் அவர் பார்த்தது இவரை இல்லை, என்னை.

"பட்டுனு போய்ட்டாரு, ஒன்னும் தெரிஞ்சிருக்காதுன்னு எனுக்கு எல்லாரும் சொன்னாங்க. அத்த நம்பித்தாம்மா இத்தினி வருசம் தூங்கினேன். என் பொண்ணுங்களுக்கும் அத்தத்தான் சொல்லி வளத்தேன். இப்ப இத்த வச்சிகினு நான் இன்னா பண்ணுவேன்?"

கழுவிய பலகையைக் கவிழ்த்து வைத்தார்.

"ஒங்களுக்கு பாரம் எறங்கிடுச்சி. போங்க."

பஸ் ஏறித் திரும்பினோம். அவரைப் போகச் சொன்னது நான். பள்ளத்தாக்கில் எனக்கு அவ்வளவு தெளிவாகத் தெரிந்த ஒரு காரியம், இங்கே ஒரு பெண்ணின் தூக்கத்தைப் பறித்திருந்தது. இவர் வலியைக் குறைக்க நினைத்தேன், அந்த அம்மாவின் பக்கமிருந்து ஒருமுறைகூட யோசிக்கவில்லை. அதற்கு மேல் சொல்லிக்கொள்ள என்னிடம் நியாயம் ஏதுமில்லை.

பல வாரங்கள் அப்படியே கழிந்தன. அவர் விடியற்காலையில் வண்டிகள் குறைவாக இருக்கும்போது எழுந்து, கோயில் பக்கத்துத் தெருக்களில் நடக்கப் பழகிக்கொண்டார். முன்பைவிடக் குறைவாகப் பேசினார். நான் அந்த அம்மாவைப் பார்க்கப் போக இரண்டு முறை கிளம்பி, இரண்டு முறையும் திரும்பிவிட்டேன். என்ன சொல்ல?

ஏப்ரலில் ஒரு மத்தியானம் அந்த அம்மாவே மருந்துக்கடைக்கு வந்தார். நான் எங்கே வேலை செய்கிறேன் என்று யாரிடம் கேட்டாரோ தெரியாது. கவுன்டருக்கு அந்தப் பக்கம் நின்று, மற்ற வாடிக்கையாளர் போகும்வரை காத்திருந்தார்.

"அந்த ரோட்டு முனைல ஒரு டீக்கட கீதுல்ல" என்று ஆரம்பித்தார். "அங்க போய் கேட்டேன். நாலு தபா போனேன். மொதல்ல யாருக்கும் நெனப்பில்ல. அப்பறம் ஒரு அம்மா, அந்தக் கடக்காரரோட சம்சாரம், அவங்க சொன்னாங்க. ஒங்க வூட்டுக்காரர் ஓடினதும் இவங்க ஓடியாந்து மடில தூக்கி வச்சிகினாங்களாம். ஆம்புலன்ஸ் வர்ற வரைக்கும் கீழ வுடலையாம்."

கவுன்டரைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"ரெண்டு வாய் தண்ணி குடிச்சாராம். சின்னவ பேரச் சொன்னாராம்." அவர் புடவைத் தலைப்பால் வாயைப் பொத்தி, பிறகு எடுத்தார். "தனியா சாவல அவரு. அது எனுக்குத் தெரியாமயே போயிருக்கும்."

"அக்கா..." என்றேன்.

"மன்னிச்சிட்டேன்னு அவருகிட்ட சொல்லாத. நான் அப்டிச் சொல்லல. இத்த மட்டும் சொல்லு. அவரு வுட்டுட்டுப் போன எடத்துல ஒருத்தங்க வந்து நின்னாங்கன்னு சொல்லு."

நான் ஸ்டூலை எடுத்துப் போட்டு உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை. கூடையை எடுத்துக்கொண்டு, தண்டையார்பேட்டை வெயிலில் பஸ் ஸ்டாப் பக்கம் நடந்து போனார்.

அன்று வீட்டுக்கு வந்ததும் அந்த அம்மா சொன்னதை ஒரு சொல் மாறாமல் இவரிடம் சொன்னேன். மறுபடி சொல்லச் சொன்னார். சொன்னேன். கட்டிலில் உட்கார்ந்தவர் முகத்தை இரண்டு கையாலும் மூடிக்கொண்டார். நான் விளக்கைப் போடவில்லை. அடுத்த நாள் அந்த டீக்கடைக்குத் தனியாகப் போய்வந்தார்.

இந்த வருடமும் பொங்கல் கழிந்து தோஸ்து வீட்டுக்குப் போனோம். இந்த முறை மேற்கு மலையின் உச்சிவரை ஏறினோம். மூன்று மணி நேரம் ஆனது. மேலே புல்லும் காற்றும் மட்டும்தான், இன்னொரு பக்கம் பார்த்தால் மலைக்கு மேல் மலையாகப் போய்க்கொண்டிருந்தது. அவர் ஒரு பாறையில் சாய்ந்து, வேட்டி முனையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். கீழே பள்ளத்தாக்கில் யாரோ மாட்டைக் கூப்பிடும் குரல் கேட்டது, அத்தனை உயரத்துக்கும் தெளிவாக. நாங்கள் கொண்டுபோன வேர்க்கடலையைத் தின்றோம். வெயில் சாய்வதற்கு முன்னால் இறங்க ஆரம்பித்தோம்.